பதக்கம் யாருக்கு?

செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, மேடை, பேச்சு எல்லாம் உண்டு. மாணவர் யாராவது ஆசிரியரைத் தேடிப் போகிறாரா என்பதுதான் கேள்வி.

ஒருவர் போனார். 1979-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம். (அவரது அகமதியா பிரிவை முஸ்லிம்களே அல்ல என்று 1974-ல் ஒதுக்கிய நாடு அது.) பிரிவினைக்கு முன் லாகூரில் தனக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்கூலியைக் கண்டுபிடித்துத் தரும்படி அவர் இந்திய அரசிடம் கேட்டார். 1981-ல் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். கங்கூலி படுத்த படுக்கையாக இருந்தார். நோபல் பதக்கத்தை அவரிடம் கொடுத்த சலாம், கணிதத்தில் தனக்கு ஆசையை ஊட்டியவர் அவர்தான், ஆகவே பரிசும் அவருடையதே என்றார். இருவரும் வெவ்வேறு நாட்டவராகி அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.