தம்பியின் காரும் அப்பாவின் லாம்பிரெட்டாவும்

சென்ற மாதம் பிரான்சிலிருந்து தம்பி மகன் பேசினான். "பெரியப்பா, அப்பா காரை என்ன செய்யலாம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். தம்பி போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவனுடைய கார் துலூஸ் நகரத்துக்கு வெளியே வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறது.

பையனிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்துவது. பழைய வண்டிகளை இப்படி மாற்றிக்கொள்ள 2020 முதல் பிரான்சில் சட்டம் இடம் கொடுக்கிறது. மற்றொன்று, வண்டியைத் தொடாமல் அப்படியே மூடி வைப்பது. வருடா வருடம் விலை ஏறும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய கை. எழுதினால்தான் எனக்கே விளங்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

யு.டி.சி.யாக ஓய்வு பெற்றவனுக்கும் இந்த மாதிரிக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கார் சித்ரோயன் எஸ்.எம். 1970இல் ஜெனீவா கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். பிரெஞ்சுப் பாடம் படித்த எங்களுக்கு அந்த நாட்டுப் பத்திரிகைகள் பழசாகித்தான் கைக்கு வரும். அதில் ஒன்றில் அந்தக் காரின் படம் இருந்தது. மூக்கு முழுக்கக் கண்ணாடி, அதற்குள் ஆறு விளக்குகள். தம்பி அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். பிறகு அவன் சொல்தாவாகப் பிரான்சுக்குப் போனான், பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்த்தான், பென்ஷன் வாங்கினான், பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தான். எல்லாம் முடிந்து, யாரும் சீந்தாத காலத்தில், 1972ஆம் வருடத்து எஸ்.எம். ஒன்றை வாங்கினான்.

அந்தக் காலத்தில் சித்ரோயன் கம்பெனியின் கையில்தான் இத்தாலியின் மசராட்டி இருந்தது. காரின் எஞ்சின் அவர்கள் செய்தது: ஆறு சிலிண்டர், 2,670 சி.சி., மூன்று வெபர் கார்புரேட்டர். மணிக்கு 220 கிலோமீட்டர் போகும். அன்றைக்கு முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில் இதைவிட வேகமானது கிடையாது. இதே எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி மசராட்டி தன்னுடைய மெராக் என்ற பந்தயத் தோற்றமுள்ள காரின் நடுவில் வைத்தது. 1973இல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. அடுத்த வருடம் நெடுஞ்சாலையில் 130க்கு மேல் போகக்கூடாது என்றார்கள். 1975இல் எஸ்.எம். நின்றுபோனது. மொத்தம் செய்தது 12,920.

கணினி இல்லாத கார் அது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு பச்சை நிற எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும். அந்த எண்ணெய்தான் வண்டியைத் தாங்குகிறது, பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. சாவி போட்டதும் படுத்திருந்த மாடு எழுவதுபோல வண்டி எழும். ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே சுற்று. கையை விட்டால், நிற்கும் வண்டியிலும் தானாக நேராகிவிடும். வேகம் கூடக் கூட இறுகும். பிரேக்குக்குப் பெடல் கிடையாது. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான்தான்.

2016இல் நான் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் என்னை ஓட்டச் சொன்னான். ஆபீஸ் ஜீப்பை மிதித்த பழக்கத்தில் அந்தப் பொத்தானை மிதித்துவிட்டேன். இருவர் நெற்றியும் முன்கண்ணாடிக்குப் போய்த் திரும்பின. "அண்ணா, மிதிக்காதே, கட்டை விரலால கேளு" என்றான். இரண்டாவது முறை கேட்டேன். அது சொன்னபடி நின்றது. ஐம்பது மீட்டர் ஓட்டியதற்குள் முதுகு நனைந்துவிட்டது. ஆனால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

தம்பி அந்த வண்டியில் கை வைக்காமல் இருந்தவன் அல்ல. எஞ்சின் நடுவே ஓடும் டைமிங் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் பாகம் அந்தக் காரின் பிறவிக் குறை. சங்கிலி தளர்ந்து தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போச்சு. அதற்குத் திருத்திய பாகம் போட்டான். புகை வெளியேறும் வால்வுகளுக்குள் சூடு தணிக்க சோடியம் வைத்திருந்தார்கள். நாள்பட்டால் அதன் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழும். அதை எடுத்துவிட்டு உட்குழிவில்லாத வால்வுகள் போட்டான். பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், நம் ஊரிலும் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயை அரித்துவிடும், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் என்று எல்லாக் குழாயையும் மாற்றினான்.

ஆனால் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, அந்தப் பிரேக் பொத்தானைத் தொடவில்லை, கியரைத் தொடவில்லை. "இதெல்லாம் கஷ்டம்தான். ஆனா இது குறை இல்ல, குணம்" என்பான். மேம்படுத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சுதான். செய்தவர்களுக்கு நேரமும் பணமும் இருந்திருந்தால் அவர்களே திருத்தியிருக்கக்கூடியதை நாம் திருத்தலாம். ஓட்டுகிறவனிடம் வண்டி கேட்கும் கவனத்தை எடுத்துவிட்டால், மிஞ்சுவது வெறும் தகரக்கூடு.

மின்மோட்டாரை நான் பழிக்கவில்லை. தினம் வேலைக்குப் போய்வரும் பழைய வண்டிக்கு அது நல்ல யோசனை. எண்ணெய்ப் பம்பையும் மின்சாரத்தில் சுற்ற வைத்து எஸ்.எம்.மையும் ஓட வைத்துவிடுவார்கள். எஞ்சின் உடைந்து சரிசெய்ய வழியே இல்லை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் தம்பி உயிரோடு விட்டுப்போன எஞ்சின் அது. வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் மிச்சமாகும் புகை எவ்வளவு இருக்கும்? கழற்றி வைத்த எஞ்சின் திரும்ப ஏறப்போவதில்லை என்பது ஆபீசில் கழற்றிய மின்விசிறிகளைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அப்படியானால் மூடி வைக்கலாமே என்பீர்கள். இங்கேதான் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா போனபோது அவருடைய லாம்பிரெட்டா நல்ல ஓட்டத்தில் இருந்தது. தம்பி அப்போது பிரான்சில். அப்பா உட்கார்ந்த சீட்டில் நான் உட்காருவதா என்று தார்ப்பாய் போட்டு மூடி, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை தோறும் தார்ப்பாயைத் தட்டித் துடைப்பேன். பதினோரு வருடம் கழித்து, ஒரு நாள் ஆசையாகக் கிக்கரை மிதித்தேன். அசையவில்லை. பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது, டேங்கில் ஓட்டை, கேபிள்கள் தொட்டால் உதிர்ந்தன. காயலான் கடைக்காரர் தராசில் போட்டு எடை பார்த்து எடுத்துப் போனார். ஊரிலிருந்து தம்பி கேட்டபோது, யாரோ நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார் என்று பொய் சொன்னேன். அவனிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

எஸ்.எம். மாதிரி வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஓடாத வண்டியில் ரப்பர் வளையங்கள் காயும், எண்ணெய் கசியும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், சேமித்த நைட்ரஜன் அழுத்தம் குறைந்து வண்டி கல்லாகும். மீட்டரில் எண் ஏறாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்காக வாங்குகிறவனும் அதை ஓட்டப்போவதில்லை.

பையனிடம் ஒன்று கேட்டேன். "அப்பா போனப்புறம் நீ அந்த சீட்ல உட்கார்ந்தியா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கதவைத் திறந்தா அப்பா சிகரெட் வாசனை வருது பெரியப்பா" என்றான். அவனுடைய கஷ்டம் காரில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் அன்று அந்தத் தார்ப்பாய்தான் வசதியாக இருந்தது.

அதனால் என் வார்த்தை இதுதான், மகனே. எண்ணெயை மாற்று. அப்பாவோடு வேலை செய்த மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை மாதம் ஒரு முறை ஓட்டு. முதல் நாள் பிரேக் உன்னை முன்கண்ணாடிக்குத் தள்ளும், பயப்படாதே. ஒரு வருடம் ஓட்டியும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடு. ஆனால் ஓட்டுகிறவனுக்கு விற்றுவிடு, இரண்டாயிரம் யூரோ குறைந்தாலும் பரவாயில்லை. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டான்.

இதைப் படிக்கிற என் வயது நண்பர்களே, உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழும் ஏதாவது மூடி நிற்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை கிளப்பிப் பாருங்கள்.