வரப்போரத்து ஜென்ஷியன்

ஆல்ப்ஸ் மலையின் நீல ஜென்ஷியன் பூவை நாட்காட்டிப் படங்களில் பார்த்து வியந்திருக்கிறோம். அதே குடும்பத்துச் செடியை நம் ஊர் வரப்பில் மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறோம். வெள்ளறுகைத்தான் சொல்கிறேன்.

பெயரில் அறுகு இருப்பதால் புல் என்றே நினைத்துவிட்டோம். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: எதிரெதிராக ஒடுங்கிய இலைகள், இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் கொத்தாக ஒட்டிய சின்ன வெள்ளைப் பூக்கள். ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால், அதன் கைப்பில் உறவே விளங்கிவிடும். ஐரோப்பியர் வயிற்று மந்தத்துக்கு மஞ்சள் ஜென்ஷியன் வேரைத் தேடியதும், வடநாட்டார் காய்ச்சலுக்குச் சிராயத்துக் குச்சியை ஊறவைத்ததும் இந்தக் கைப்புக்காகத்தான். சிராயத்திலுள்ள ஸ்வெர்ஷியாமரின் என்ற கைப்புப் பொருள் வெள்ளறுகிலும் உண்டு. குஜராத்தில் வெள்ளறுகை மாமேஜவோ என்று அழைத்து, சர்க்கரை நோய்க்கு உட்கொள்கிறார்கள்.

நம் பாட்டிமாருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, செடி தெரியும். அரிப்பு, சொறி என்றால் பிடுங்கி வந்து அம்மியில் அரைத்து, உடம்பெல்லாம் பூசி ஊறவிட்டுக் குளிப்பாட்டினார்கள். நாம் முகம் சுளித்து ஓடினோம். எந்தப் பருவத்தில் பிடுங்குவது, வேரும் சேர வேண்டுமா, கைக்குழந்தைக்கு ஆகுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கவில்லை. இன்று நாட்டு மருந்துக் கடையில் பொட்டலத் தூளாக வாங்குகிறோம். அதற்குள் இருப்பது வெள்ளறுகுதானா என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பயம் வந்தால்தான் நமக்கு மூலிகை நினைவு வருகிறது. 2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றோம். பயம் தணிந்ததும் மூலிகைப் பேச்சும் அடங்கிப்போயிற்று.

இமயத்தில் ஜென்ஷியானா குர்ரூ என்ற நீலப்பூச் செடியை வேருக்காகத் தோண்டித் தோண்டி அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுக்காவது அதன் மதிப்பு தெரிந்திருந்தது. நாம் வெள்ளறுகைக் களை என்று மருந்தடித்தோம். அது தானாக முளைத்த தரிசுகளைச் சமன் செய்து மனை போட்டோம். இந்தப் பழியை வேறு யார் மீதும் போட முடியாது.

செடி இன்னும் முளைக்கிறது. அடையாளம் காட்டக்கூடியவர்கள்தான் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வயதான ஒருவரை வரப்புவரை அழைத்துப் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள்.