கால்வாய்ச் சுவரில் எழுந்த வரலாறு



1769-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் தொடக்கத்தில், பிரான்சிஸ்கன் சபைத் துறவியான ஹுவான் கிரெஸ்பி அடிகளார் ஸ்பானியப் படைவீரர்களுடன் கலிபோர்னியாவில் வழிப்பயணம் செய்கையில் ஓர் ஆற்றங்கரையை அடைந்தார். அசிசி நகருக்கு அடுத்துள்ள போர்சியுங்குலா சிற்றாலயத்தின் திருநாள் அது. ஆதலால் அவ்வாலயத்தின் பாதுகாவலியாம் வானதூதர்களின் அன்னையின் பெயரை அவ்வாற்றுக்குச் சூட்டினார். 1781-ல் அதன் கரையில் தோன்றிய சிற்றூரே லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராய் வளர்ந்தது.

அன்னையின் பெயர் தாங்கிய அந்த ஆற்றைப் பின்னாளில் சிமெண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். 1938-ஆம் ஆண்டு வெள்ளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபின், இராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் பெரும்பகுதியையும் அதன் கிளைகளையும் கால்வாய்களாக்கினர். டுஹங்கா என்பது அக்கிளைகளுள் ஒன்று. அதன் கால்வாய்ச் சுவரைத்தான் இம்மாதம் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு அச்சுவரில் ஒரு சித்திரம் இருக்கிறது. அதை வரைந்தவர்களுள் பலர் சிறார் நீதிமன்றத்தின் படியேறிய பிள்ளைகள்.

அவர்களை ஒன்று சேர்த்தவர் ஜூடித் பாக்கா என்னும் ஓவியர். 1946-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்க வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். தாயும் பாட்டியும் சிற்றன்னையரும் சூழ்ந்த வீடு. பேச்சு ஸ்பானிய மொழி. பள்ளியிலோ அம்மொழிக்குத் தடை. ஆங்கிலம் அறியாத அச்சிறுமியை ஆசிரியை வகுப்பின் மூலையில் உட்காரவைத்து, கையில் வண்ணங்களைக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாராம். ஒதுக்கிவைத்த மூலையே அவருக்கு ஓவியப் பள்ளியாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் உதவிப் பங்குத் தந்தையாக இருந்த காலத்தில், பள்ளிச் சுவரில் கரித்துண்டால் காளைமாடு வரைந்த ஒரு சிறுவனைப் பிரம்பால் அடித்தேன். மறுநாள் அவன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து அதை மறைக்கச் செய்தேன். மாடு நன்றாகத்தான் இருந்தது.

பாக்கா பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று 1969-ல் பட்டம் பெற்றார். தம் படங்களைப் பாட்டியிடம் காட்டியபோது, இவை எதற்குப் பயன்படும் என்று அம்மூதாட்டி வினவினாராம். ஓவியக் கூடங்களுக்குள் தம் பாட்டி போன்றவர்கள் காலடி வைப்பதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாம் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். வெவ்வேறு குடியிருப்புகளிலிருந்து வந்து ஒருவரோடொருவர் ஒட்டாதிருந்த மாணவர்களை ஒரே சுவரின் முன் நிறுத்தி வரையச் செய்தார். அங்கே அவரை நீடிக்க விடவில்லை. வியட்நாம் போரை எதிர்த்த காரணத்துக்காக 1970-ல் அவரும் அருட்சகோதரிகள் சிலர் உள்ளிட்ட ஆசிரியர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். நம்மவர் செய்த செயலாகையால் இதை எழுதுகையில் கை சற்றே தயங்கியது. ஆயினும் விட்டுவிட மனமில்லை.

அவ்வாண்டுக் கோடையில் நகராட்சிப் பூங்காக்களில் ஓவியம் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. கீழ்ப்பகுதியான பாயில் ஹைட்ஸில், பூங்காக்களைத் தெருக்கூட்டத்து இளைஞர்கள் பங்கு போட்டு ஆண்டுகொண்டிருந்தனர். ஒரு கூட்டத்தவன் மற்றொரு கூட்டத்தின் எல்லையில் கால் வைத்தால் கத்திக்குத்து விழும். பகைமை கொண்ட நான்கு கூட்டங்களிலிருந்து சுமார் 20 பேரைத் தேர்ந்து ஓர் ஓவியக் குழு அமைத்தார் பாக்கா. ஹாலன்பெக் பூங்காவில் இசைக்குழு அமர்ந்து வாசிக்கும் குவிந்த மேடையே அவர்களுக்குக் கிடைத்த சுவர். பகைவர் எவரேனும் வருகிறார்களா என்று பார்த்து ஓசை எழுப்பக் காவலாள் வைத்துக்கொண்டே வரைந்தார்கள்.

அவர்கள் வரைந்தது ஒரு பாட்டி. அணைத்துக்கொள்ள இரு கைகளையும் விரித்து நிற்கும் மெக்சிக்கப் பாட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத அவ்விளைஞர்கள் அனைவருக்கும் வீட்டில் அப்படியொருத்தி இருந்தாள். படம் முடிந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து அதன் அடியில் மெழுகுதிரி ஏற்றினர், மலர் வைத்தனர். மந்திரிக்கப்படாத படத்துக்கு மெழுகுதிரியா என்று எவரேனும் கேட்கக்கூடும். நான் கேட்கமாட்டேன்.

கால்வாய்க்கு வருவோம். 1974-ல் அக்கரையை அழகுபடுத்த உதவுமாறு இராணுவப் பொறியாளர்கள் பாக்காவை அணுகினர். பூச்செடி போன்ற ஏதோவொன்றை அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அந்தச் சிமெண்டு பாக்காவின் கண்ணுக்கு, ஆறு ஓடிய இடத்தில் விழுந்த தழும்பாகப் பட்டது. கத்திக்குத்துத் தழும்புகளின் மேல் பச்சை குத்திக்கொண்ட ஓர் இளைஞனை அவர் அறிந்திருந்தார். ஆற்றின் தழும்புக்கும் அவ்வாறே செய்யலாம் என்று எண்ணினார்.

1976 கோடையில் 80 இளைஞர்களும் 10 ஓவியர்களும் வறண்ட கால்வாய்க்குள் இறங்கினர். மழைக்காலத்தில் அங்கே நிற்க இயலாது. எனவே கோடைதோறும்தான் வேலை. முதற்கோடையில் 1,000 அடி முடிந்தது. பின்னர் 1978, 1980, 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்தனர். மொத்தம் 2,754 அடி. 400-க்கு மேற்பட்ட இளைஞர்கள் கைவைத்த பணி. கறுப்பர், வெள்ளையர், மெக்சிக்கர், ஆசிய வழியினர் என்று கலந்தே சேர்க்கப்பட்டனர். உழைப்புக்குக் கூலி உண்டு. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏழைப் பிள்ளையின் வேலையைச் சேவை என்று பெயரிட்டு இலவசமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

எடுத்த எடுப்பில் தூரிகை பிடிக்கவில்லை. வரலாறு அறிந்தோர் வந்து பேசினர். தாமே பாடுபட்ட முதியோர் தம் கதையைச் சொன்னார்கள். அதிலிருந்து சிறு படம் பிறந்தது. சிறு படத்தைக் கட்டம் பிரித்து, சுவரிலும் கட்டம் போட்டு, பெரிதாக்கி வரைந்தனர். கட்டம் போடத் தெரிந்தவனுக்குக் கணக்கும் வந்துவிடுகிறது.

சுவரில் இருப்பவை பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்ற செய்திகள். கிரெஸ்பி அடிகளார் வருமுன் அங்கு வாழ்ந்த பழங்குடிகள் இருக்கின்றனர். 1871-ல் வெறிகொண்ட கூட்டம் சீனர்களைக் கொன்றது, 1930-களில் மெக்சிக்கக் குடும்பங்களை இரயிலேற்றி நாடு கடத்தியது, 1939-ல் யூத அகதிகளைச் சுமந்து வந்த செயின்ட் லூயிஸ் கப்பலைத் துறைமுகம் ஏற்காதது, 1942-ல் ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தது எல்லாம் உண்டு. சாவேஸ் ரவீன் என்னும் குடியிருப்பை அகற்றி 1962-ல் பந்தாட்ட அரங்கம் திறந்தார்கள் அல்லவா? அவ்வரங்கத்தை வானிலிருந்து இறங்கும் பறக்கும் தட்டாக வரைந்திருக்கிறார்கள். இரத்த வங்கி முறைக்கு வழிகாட்டிய கறுப்பின மருத்துவர் சார்லஸ் ட்ரூவும் அங்கே நிற்கிறார்.

படங்களைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டவன் நான். முதல் 1,000 அடியில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கைப்பாங்காக இருப்பது எனக்கே தெரிகிறது. 1977-ல் பாக்கா மெக்சிக்கோ சென்று, சுவரோவிய மேதை சிக்கெய்ரோஸின் பட்டறையில் பயின்று திரும்பிய பின் வரைந்தவை ஆற்றொழுக்காக ஓடுகின்றன. ஆனாலும் தடுமாற்றமுள்ள அந்த முதற்பகுதியையே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயிலும் நீரும் பட்டு வண்ணங்கள் மங்கின. 2011-ல் சுவர் முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. 2017-ல் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 1950-களோடு நின்ற கதையைப் பிற்காலத்துக்கும் நீட்டும் பணிக்கு 2021-ல் மெலன் அறநிறுவனம் 50 இலட்சம் டாலர் வழங்கியது. ஆயினும் 2011-ல் நடந்த ஒரு செய்தியே என் மனத்தில் நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் காவல்துறையின் கண்காணிப்பில் இருந்து, அக்கால்வாயில் இறங்கிய பிள்ளைகளுள் சிலர், நடுவயது கடந்தவர்களாய் மீண்டும் வந்து, தாங்கள் தீட்டிய அதே சுவரின் முன் நின்று வண்ணம் பூசினார்கள்.