கடிக்காத நாயாலும் நோய் வரும்!

நாய் என்றதும் கடிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், நாய் கடிக்காமலே வரும் தோல் நோய் ஒன்று உண்டு. அது மணலில் இருந்து வருகிறது!

தெரு நாய்கள் பற்றி 2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்ட நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் விடக்கூடாது என்றும் கூறியது.

கருத்தடை பற்றியும் தடுப்பூசி பற்றியும் நிறையப் பேசுகிறோம். புழு மருந்து பற்றிப் பேச்சு குறைவு. தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களுக்கு அதுவும் முக்கியம். ஏன்?

கொக்கிப்புழு

நாயின் குடலில் கொக்கிப்புழு வாழ்கிறது. ரத்தத்தை உறிஞ்சுகிறது. தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போகிறது. ரத்தம் குன்றிக் குட்டிகள் சாவதும் உண்டு.

நாயின் மலத்தோடு புழு முட்டைகள் வெளியே வருகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மணலில் பொரிக்கின்றன. சுமார் ஒரு வாரத்தில், கண்ணுக்குத் தெரியாத இளம்புழு தோலைத் துளைக்கத் தயார்! அங்கே வரும் நாயின் பாதத்தில் அது நுழைகிறது. பாதம் சிவந்து அரிக்கிறது.

கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் நாய் படுக்கிறது. அதே நிழலில் குழந்தையும் விளையாடுகிறது, வெறுங்காலோடு!

ஊர்ந்து செல்லும் கோடு

மனிதத் தோலில் நுழைந்த நாய்ப்புழு பெரும்பாலும் உள்ளே போக முடியாமல் தோலுக்கு அடியிலேயே ஊர்கிறது. சிவந்த கோடு வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீளும். அரிப்பு தூங்க விடாது. சொறிந்தால் சீழ் பிடிக்கும். சிரங்கு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டினால் மாத்திரையில் குணமாகும். இது ஒருவரிடம் இருந்து மற்றவருக்குத் தொற்றாது.

கொக்கிப்புழு தோல் வழியாக நுழையும் என்பதைக் கண்டவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. எகிப்தில் ஆராய்ச்சி செய்தபோது, புழு கலந்த நீர் அவர் கையில் சிந்தியது. கை சிவந்து அரித்தது! 1898-ல் இதை உலகுக்குச் சொன்னார்.

ஒரு முறை போதுமா?

போதாது. மருந்து கொடுத்து, பிடித்த இடத்திலேயே விடப்படும் நாய், அதே மணலில் மீண்டும் புழுவை வாங்கிக்கொள்ளும். ஆகவே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். நாய் மலத்தையும் அகற்ற வேண்டும். நாயை விரட்டினால் மட்டும் மணலில் உள்ள புழு போய்விடாது.

நம் கையில் இருப்பது என்ன? குழந்தைகளுக்குச் செருப்பு போடுங்கள். மணலில் பாய் விரித்து உட்காருங்கள். வளர்ப்பு நாய்க்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுப் புழு மருந்து கொடுங்கள். நாய்க்குக் கொடுக்கும் மருந்து, வீட்டுக் குழந்தைக்கும் காவல்!