படத்தில் தெரியாத வலி

சமீபத்தில் திருப்பூருக்குப் போயிருந்தேன். நான் தங்கியிருந்த ஜாகைக்கு எதிர் வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கிறவர். காலை எட்டரை மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார். கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில், கல்லை வைத்துக் கட்டினாற்போல் இரண்டு வருஷமாக வலி. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

"படத்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அப்ப எனக்கு நோகறது பொய்யுங்களா?" என்று கேட்டார்.

வீட்டிலும் அவர் பேச்சு எடுபடவில்லை. வேலைக்கு மட்டம் போடச் சாக்கு என்று மாமியார் தீர்ப்பே கூறிவிட்டார்!

பொய்யல்ல என்பதைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

கமலாப் பழத்தை உரித்துப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கடியில் வெள்ளைப் படலம். ஒவ்வொரு சுளைக்கும் தனி உறை. சுளைக்குள்ளே ஒவ்வொரு முத்துக்கும் மெல்லிய பை. நம் தசைகளும் இப்படித்தான் உறைக்குள் உறையாக அமைந்திருக்கின்றன. இந்த உறைகளுக்கு இணைப்புத் திசு என்று பெயர். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு துலக்கமாகத் தெரியும். இந்த உறையின் நிலைமை தெரியாது. வைத்திய மாணாக்கர்களும் வெகு காலம்வரை, பிரேதத்தை அறுக்கும்போது இதை வழித்து எறிந்துவிட்டுத் தசையைப் பார்ப்பதே வழக்கம். பட்சணத்தைத் தின்றுவிட்டு இலையை எறிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே ஒரு சர்வதேச மகாநாடு முதன்முதலாகக் கூடியது 2007-இல்தான், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில்.

திருப்பூர்க்காரர்களுக்குத் துணியைக் கொண்டே விளக்கிவிடலாம். இவ்வுறை பல அடுக்குத் துணி. ஒவ்வோர் அடுக்கிலும் நார் ஓடும் திசை வேறு. அடுக்குகளுக்கு நடுவே ஹயலுரோனிக் அமிலம் கொண்ட வழவழப்பான திரவம், மிஷினுக்கு எண்ணெய் போல. உடம்பு அசையும்போது அடுக்கின்மேல் அடுக்கு வழுக்கிச் செல்லும். அசையாமல் ஒரே நிலையில் கிடந்தால் திரவம் இறுகிப் பசைபோல் ஆகிவிடுகிறது என்பது இத்தாலியில் பதுவா சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்லா ஸ்டெக்கோ அம்மையார் முதலியோரின் அபிப்பிராயம். நம் பாட்டிமார் "வாயு பிடித்துக்கொண்டது" என்றார்களே, அந்தப் பிடிப்பில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

அமெரிக்காவில் வெர்மான்ட் சர்வகலாசாலையில் ஹெலீன் லாஞ்ஜவின் என்ற வைத்தியர், நெடுநாள் இடுப்பு வலிக்காரர்களை அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தார். வலியில்லாதவர்களைவிட அவர்களுக்கு இடுப்புறை சுமார் 25 சதவிகிதம் தடித்திருந்ததாக 2009-இல் எழுதினார். அடுக்குகள் வழுக்கும் அளவு சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2011-இல் எழுதினார். தடிப்பினால் வலி வந்ததா, வலியால் அசையாதிருந்து தடித்ததா என்பது இதனால் தீர்மானமாகவில்லை. ஆனால் வலிக்கிற இடம் உறையாக இருக்கலாம் என்பதில் ஐயமில்லை. 2014-இல் ஜெர்மனியில் சில தொண்டர்களின் முதுகில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். தசையில் ஏற்றியதைவிட உறையில் ஏற்றியதே அதிக நேரம், அதிகக் கடுமையாக வலித்தது. (தொண்டு என்றால் இதுவல்லவா தொண்டு!)

தையற்காரருக்கோ தசையிலும் தொல்லை உண்டு. துணியைத் தள்ளுவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை; ஆனால் கை அந்தரத்தில் நிற்கத் தோள் தசை ஓயாமல் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச வேலையைச் செய்பவை சில சிறு நார்களே. அவைதாம் முதலில் வேலையில் இறங்கி, கடைசியில் ஓய்கின்றன. ஸ்வீடன் தேசத்து ஹேக் என்பவர் 1991-இல் இவற்றுக்குக் கதையில் வரும் சின்ட்ரெல்லாவின் பெயரைச் சூட்டினார். நம் ஊரில் 'மருமகள் நார்' என்றிருப்பார்கள்.

சங்கதி புதிதுமல்ல. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் புத்தகம் வெளியிட்ட இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி, தையற்காரர்களின் கூனலையும் இடுப்பு நோவையும் அப்பொழுதே எழுதி வைத்தார். தொடையிலுள்ள நீண்ட தசை ஒன்றுக்கு லத்தீனில் தையற்காரன் பெயரையே இட்டிருக்கிறார்கள். பெயர் கிடைத்தது; பரிகாரம் கிடைக்கவில்லை. நம் தேசத்து 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களென்று ஈய விஷம் முதலியவற்றை வரிசைப்படுத்திற்று. தோள்வலி அந்த ஜாபிதாவில் இல்லை.

தைலமும் வெந்நீர் ஒற்றடமும் ஆறுதல் தரும், வேண்டாமென்று சொல்லேன். கை மரத்துப்போனாலோ, பிடிமானம் தளர்ந்தாலோ, ஜுரம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும். மற்றபடி உறைக்கு வேண்டியது அடிக்கடி அசைவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தேகாப்பியாசம் செய்வதைவிட, அரை மணிக்கொருதரம் எழுந்து தோளைச் சுழற்றுவது மேல்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். சிரித்தார். "எந்திரிச்சா பீஸ் போயிருமுங்களே!" என்றார். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு என்பது தம் கைக்காசு. அதைக் கொடுக்க வேண்டியவர் அவரா, முதலாளியா? என் அபிப்பிராயத்தை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பனியன் வேஸ்ட்டை மடித்து ஸ்டூலின்மேல் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டார். வெட்டிய துணிக்கட்டைக் கைமடிப் பெண் கொண்டுவந்து வைக்கும்வரை காத்திராமல், தாமே எழுந்து போய் எடுத்து வருகிறார். சென்ற வாரம் எதிர் வீட்டு நண்பர் டெலிபோனில் பேசியபோது அவரைப் பற்றி விசாரித்தேன். வலி பாதி குறைந்திருக்கிறதாம். மாமியாருக்குத்தான் இப்போது முழங்கால் வலியாம். எக்ஸ்-ரே எடுக்கப் போயிருக்கிறார்கள்.