எந்தத் தகுதியை அளக்கிறோம்?

உடற்கல்விக்கும் மதிப்பெண் வேண்டும் என்னும் பேச்சு நம் வளாகத்தில் எழுந்திருக்கிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் நண்பர்களே, அளக்கப் புகுமுன் எதை அளக்கிறோம் என்று கேட்கவேண்டாமா?

‘உடல் தகுதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மூச்சின் நீடிப்பு, தசையின் வலு, மூட்டின் வளைவு எனப் பலவும் அதில் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று உள்ளவனிடம் மற்றொன்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. என் விடுதி நண்பர் ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போனால் நெல் மூட்டைகளை முதுகிலேற்றி வீடு சேர்ப்பவர். பன்னிரண்டு நிமிட ஓட்டத்திலோ பாதியிலேயே மூச்சிரைக்க நின்றுவிடுவார். அவரைத் தகுதியற்றவர் என்று எழுதும் பேனாவை நான் மதிக்கமாட்டேன்.

அந்த ஓட்டச் சோதனை, அமெரிக்க விமானப் படையினரை ஆராய்ந்து 1968-இல் டாக்டர் கூப்பர் வெளியிட்டது. உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பதை அது மதிப்பிடும், அவ்வளவே. உயரத்தையும் எடையையும் கொண்டு போடும் கணக்கோ, 19-ஆம் நூற்றாண்டில் கெட்லே என்னும் பெல்ஜிய அறிஞர் வகுத்தது. கொழுப்பையும் தசையையும் அது பிரித்தறியாது. மல்லனும் தொந்தியனும் அதற்கு ஒன்றே!

அமெரிக்காவில் நடந்த வேடிக்கையையும் கேளுங்கள். முதுகுவலிக்காரர்களுக்கென க்ராஸ், வெபர் என்னும் இருவர் வகுத்த ஆறு எளிய சோதனைகளை, 1950-களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஒன்றில் தவறினாலும் தோல்வி. அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றனர். ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவர்கூடத் தோற்கவில்லை. நாடே நலிந்துவிட்டதென்று கூக்குரல்! 1956-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இளைஞர் உடல் தகுதிக்கென ஒரு மன்றமே அமைத்தார். அந்த ஆறு சோதனைகளில் ஓட்டம் என்பதே கிடையாது. முழங்கால் மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடியாமல் தவறியவர்களே ஏராளம். மன்றம் அமைந்தது நன்மைதான். அளவு சொன்ன செய்தி வேறு, ஊர் கேட்ட செய்தி வேறு.

மதிப்பெண் போட்டே தீரவேண்டுமென்றால், எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். ஓட்டத்தை ஓட்டமென்றும், வலுவை வலுவென்றும் தனித்தனியே எழுதட்டும். ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அளந்து, அவனவன் அடைந்த முன்னேற்றத்திற்கே மதிப்பெண் தரட்டும். டிசம்பர் மூடுபனியில் ஓட்டம் வைப்பதையும் தவிர்க்கவேண்டும். வடநாட்டுக் குளிருக்குப் புதிதாய் வந்த நம் முதலாண்டுத் தம்பிகள் படும் பாடு நமக்குத் தெரியும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.