ரௌட்டர் கார்ட் வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள்

உயர்தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சல்லி சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு மகன் வீட்டுக்கு வந்தான். சீ.சீ.என்.ஏ படிக்கப் போகிறானாம். அதற்கு வீட்டிலேயே ஒரு 'லெப்' போட வேண்டுமாம். கையில் ஒரு பட்டியல்: பழைய சிஸ்கோ 2600 ரௌட்டர் இரண்டு, விக்-1டீ கார்ட் ஒன்று, விக்-2டீ கார்ட் ஒன்று, சீரியல் கேபிள் ஒரு சோடி.

"சேர், இந்தச் சாமான் எல்லாம் சரியா எண்டு பாத்துச் சொல்லுங்க. உம்மா காப்பை அடகு வெக்கிறதுக்கு ஓம் எண்டுட்டா."

நான் வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பட்டியலோடு இன்னும் சில பிள்ளைகள் இருக்கக் கூடும்.

ரௌட்டரின் பின்பக்கத்தில் சின்னப் பலகை ஒன்றைச் செருகுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். அதில் செருகுகிற பலகைதான் 'விக்'. முன்பு கொழும்பில் இருக்கிற தலைமை அலுவலகத்தையும் தூரத்துக் கிளையையும் குத்தகைக்கு எடுத்த சீரியல் இணைப்பால் சேர்த்தார்கள். அதற்குத்தான் இந்தக் கார்ட். வீட்டு லெப்பில் இரண்டு ரௌட்டரை நேருக்கு நேர் ஒரு கேபிளால் பிணைத்து, டீ.சீ.ஈ பக்கத்தில் 'குளொக் ரேட்' கட்டளை கொடுத்தால் அந்தத் தூர இணைப்பு வீட்டு மேசைக்கே வந்துவிடும். ஒரு காலத்தில் பரீட்சையிலும் அது வந்தது. அதனால் பிள்ளைகள் வாங்கினார்கள், அதில் பிழை இல்லை.

ஆனால் 2020 பெப்ரவரி 24 முதல் சீ.சீ.என்.ஏ பரீட்சை மாறிவிட்டது. இப்போதுள்ள 200-301 பாடத்திட்டத்தில் அந்தச் சீரியல் இணைப்பும் அதில் ஓடுகிற பீ.பீ.பீ.யும் இல்லை. எங்கள் வீடுகளுக்கு வருவதும் ஃபைபர் அல்லது 4ஜீ. ஆக, பரீட்சைக்கும் தேவையில்லாத, தொழிலிலும் அநேகமாகக் காணாத ஒரு சாமானுக்காக ஒரு உம்மாவின் காப்பு போகப் பார்த்தது.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் உள்ள சாமான் ஒன்றோடொன்று பொருந்தவும் மாட்டாது. விக்-1டீயின் வாய் 60 ஊசி கொண்ட பெரியது. விக்-2டீயின் வாய் 26 ஊசி கொண்ட சின்னது, 'ஸ்மார்ட் சீரியல்' என்பார்கள். பட்டியலில் இருந்த கேபிளுக்கு இரண்டு முனையும் 60 ஊசி. விற்கிறவர் இதைச் சொல்லவில்லை, பையனுக்குக் கேட்கத் தெரியவில்லை. பழைய 2600 வரிசையில் 2610, 2611 போன்றவற்றில் ஈதர்நெட் வாய் வெறும் 10 எம்.பீ.பீ.எஸ். தொலைபேசி இணைப்புக்கான கார்ட்டுகளையும் சேர்த்து விற்பார்கள். அவற்றின் வாய் நெட்வேர்க் வாய் போலவே இருக்கும், ஆனால் நமக்கு உதவாது.

"கையால தொட்டாத்தானே சேர் பழகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எதைத் தொட்டுப் பழக வேண்டும் என்பதில்தான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம். சீரியலைத் தூக்கிய அதே பாடத்திட்டம் கேபிள் வகைகளை இன்னும் வைத்திருக்கிறது. கையால் பழக வேண்டியது வயரைத்தான்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கணினி அறையில் சில கணினிகள் மட்டும் இழுபட்டுக்கொண்டே இருந்தன. ஸ்விட்ச் பழுதென்று புதிது வாங்கப் போனோம். டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. கடைசியில் பார்த்தால், வயர் அடித்தவர் நிறங்களைச் சோடி சோடியாக அடுக்கி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்திருக்கிறார். மூன்றாம் ஊசியும் ஆறாம் ஊசியும் ஒரே சோடியாக இருக்க வேண்டும். அது பிரிந்து போனால் விளக்கு எரியும், வேகம் வராது. மலிவு டெஸ்டர் இதைக் காட்டிக் கொடுக்காது.

சரியான வரிசை இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

அடுத்தது, வயரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிற பெட்டிகள் பலவற்றில் இருப்பது முழுச் செம்பு இல்லை. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. சீ.சீ.ஏ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், போடாமலும் இருக்கும். ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்க வேண்டாம். நாலு தரம் மடித்தால் முறிந்துவிடும், கேமராவுக்கு அதே வயரில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும். நாங்கள் உப்பளம் உள்ள ஊர்க்காரர். கதவுக் கொண்டியையே தின்கிற காற்று இது. வயர் முனையை விட்டு வைக்குமா? ஆர்.ஜே 45 முனையில் தங்கப் பூச்சு சரியில்லை என்றால் கொஞ்ச நாளில் பச்சை பிடிக்கும்.

நான் அவனுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் இதுதான்:

1. பக்கெட் ட்ரேசர். சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியில் பதிந்தால் இலவசம். சீரியல் ஆசை இருந்தால் அதிலேயே கார்ட்டைச் செருகிப் பார்க்கலாம். ரௌட்டரை நிறுத்தாமல் செருக விடாது. நிசத்திலும் இந்த ரௌட்டர்களுக்கு அதுதான் முறை.
2. நல்ல கிரிம்பிங் கருவி, டெஸ்டர், முழுச் செம்பு கெட் 6 வயர் கொஞ்சம், நல்ல முனைகள்.
3. கொன்சோல் கேபிள் ஒன்று, யூ.எஸ்.பீ முனையோடு.
4. மிச்சச் சல்லி பரீட்சைக்கு. கட்டணம் 300 அமெரிக்க டாலர். அதை மறந்துவிட்டு லெப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இதற்குப் பிறகும் உண்மையான ரௌட்டர் வேண்டும் என்றால், கார்ட்டின் முழு இலக்கத்தையும் ரௌட்டரின் இலக்கத்தையும் எழுதிக் கேளுங்கள். விற்கிறவர் முன்னாலேயே ஓட விட்டு, 'ஷோ வேர்ஷன்' அடித்து, கார்ட்டை ரௌட்டர் அடையாளம் காண்கிறதா என்று பார்த்த பிறகு சல்லி கொடுங்கள்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. பத்து வீட்டில் பத்து அரைகுறை லெப் எதற்கு? ஊருக்கு ஒன்று போதும். கட்டாரிலும் துபாயிலும் இந்த வேலையே செய்கிற எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவில் வரும்போது ஒரு பழைய ஸ்விட்ச், ஒரு கிரிம்பிங் கருவி கொண்டுவந்தால் பல பிள்ளைகள் கை பழகும். இடத்துக்கு என் வீட்டு விறாந்தை இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வரலாம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, எந்த மதம் என்று பார்க்கப் போவதில்லை.

அந்த மகன் நேற்று முதல் கேபிளை அடித்தான். மூன்று முனை வீணாகி, நாலாவது பிடித்தது. காப்பு உம்மாவின் கையிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.